செதிலாண்டி நினைவு நாளில் சிரிக்கத் தடை

கல்மடுக் காட்டில் செதிலாண்டி என்று ஓர் அழுங்கு இருந்தார். அழுங்கைத் தெரியுமல்லவா? உடம்பெல்லாம் செதில் மூடியிருக்கும். வாயில் ஒரு பல் கிடையாது. நீள நாக்கை நீட்டிக் கரையானை நக்கித் தின்று காலம் தள்ளுகிற பிராணி. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். உலகத்தில் இருக்கிற அத்தனை அழுங்கும் அப்படித்தான் செய்யும்.

செதிலாண்டி மட்டும் சுருளமாட்டார். பின்னங்கால்களில் எழுந்து நிற்பார். முன்னங்கால்களை வயிற்றின்மேல் கோத்துக்கொள்வார். ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி பவ்வியமாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்கே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அப்புறம் வாயைத் திறந்தாரானால் மீதிப் பேரும் காலி.

அந்தக் காட்டில் கோடை வந்தால் எல்லாக் குட்டையும் வற்றிவிடும். கல்மடு ஒன்றில்தான் தண்ணீர் நிற்கும். மான், முயல், நரி, எருமை எல்லோரும் அங்கேதான் வந்தாக வேண்டும். இது சிறுத்தை கொப்பாயிக்கும் தெரியும். தெரிந்தால் சும்மா இருப்பாளா? ஒரு கோடையில் சாயங்காலமாகப் பார்த்து மடுக்கரைக்கு இறங்கி வந்தாள். எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள். செதிலாண்டி மட்டும் கரையில் இருந்த பாறைமேல் ஏறி, எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டார்.

"அக்கா, தாராளமா சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு. என் செதிலைக் கடிச்சா உங்க பல்லெல்லாம் போயிடும். அப்புறம் நீங்களும் என்னை மாதிரி கரையான்தான் நக்கணும். நல்ல புற்று எங்கே இருக்குன்னு காட்டித்தர நான் உயிரோட இருந்தாத்தானே உங்களுக்கு வசதி?" என்றார்.

கொப்பாயி தன்னையே ஒரு நிமிஷம் கரையான் புற்றின் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த கொக்கெல்லாம் பறந்து போயின. அன்றைக்கே ஒரு வாக்குக் கொடுத்தாள். தினம் சாயங்காலம் தன்னைச் சிரிக்க வைத்தால் மடுக்கரையில் ஒருவரையும் தொடமாட்டாளாம். வேட்டையை மலைச்சரிவில் வைத்துக்கொள்வாளாம்.

அப்புறம் என்ன! தினமும் பொழுது சாயும் நேரத்தில் செதிலாண்டி பாறைமேல் நிற்பார். ஒரு பக்கம் கொப்பாயி, மறுபக்கம் மற்றவர்கள். எல்லோரும் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். இப்படியே பல கோடை போயிற்று.

ஒரு நாள் செதிலாண்டி செத்துப்போனார். வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அத்திமரத்தடியில், கரையான் புற்றுக்குப் பக்கத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காடே அழுதது. கொப்பாயியும் அழுதாள். ஒரு வருஷம் துக்கம் என்று அவளே அறிவித்தாள். அதுவரை மடுக்கரைப் பக்கம் வேட்டை இல்லை, தன்னை யாரும் சிரிக்க வைக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குகைக்குப் போய்விட்டாள்.

உடனே ஒரு நினைவுக் குழு அமைத்தார்கள். குழு இல்லாமல் நம்மால் யாரையாவது நினைக்க முடியுமா? காட்டெருமை பெரியதம்பி தலைவர். உடம்பு பெரிசு என்பது தவிர அவரைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் ஒன்றும் இல்லை. குழுவில் நரி நல்லமுத்து, குரங்கு கிளைச்சாமி, மைனா மங்களம் மூன்று பேரும் இருந்தார்கள்.

குழு கூடிய முதல் நாளே, செதிலாண்டிக்கு அடுத்தபடி காட்டில் பெரிய சிரிப்புக்காரர் யார் என்று பேச்சு எழுந்தது. நல்லமுத்து நான்தான் என்றான். கிளைச்சாமியும் நான்தான் என்றான். மங்களம் வாயால் சொல்லவில்லை, தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் தனித்தனியாக ஒரே கதையைச் சொன்னார்கள். செதிலாண்டி சாகும் தறுவாயில் தன்னைக் கூப்பிட்டு, தலையில் கைவைத்து, "இனி நீதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். ஒரே ஆள் மூன்று இடத்தில் எப்படிச் செத்தார் என்று பெரியதம்பி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு அசைபோடும் நேரம் வந்துவிட்டது.

சண்டை நாளுக்கு நாள் முற்றியது. எது செதிலாண்டியின் ஆகச் சிறந்த நகைச்சுவை என்பதில் ஒரு சண்டை. அதற்கு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதில் ஒரு சண்டை. ஒருநாள் முயல் ஒன்று தன் குட்டி வழுக்கி விழுந்ததைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டது. குழு அதைக் கூப்பிட்டு விசாரித்தது. செதிலாண்டி இல்லாத காட்டில் உனக்கு எப்படிச் சிரிப்பு வரலாம், அது அவருக்கு அவமரியாதை இல்லையா என்று கேட்டது. முயல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. அன்றிலிருந்து மடுக்கரையில் சிரிக்கத் தடை போட்டார்கள். காட்டையே சிரிக்க வைத்தவருக்கு இப்படி ஒரு மரியாதை!

வருஷம் உருண்டோடியது. அடுத்த கோடை வந்தது. கல்மடுவைத் தவிர எல்லாம் வற்றிப்போயிற்று. நினைவு நாளுக்கு முதல் நாள் கொப்பாயி மலையிலிருந்து சேதி அனுப்பினாள். துக்கம் நாளையோடு முடிகிறது, நாளைச் சாயங்காலம் மடுக்கரைக்கு வருகிறேன், என்னைச் சிரிக்க வைக்க ஓர் ஆள் இருந்தால் பழைய வாக்கு நிற்கும், இல்லாவிட்டால் மறுநாள் காலையிலிருந்து மடுக்கரைதான் எனக்கு வேட்டைக்காடு என்றாள்.

இந்தச் சேதியைக் கேட்டு எல்லோரையும்விட அதிகம் பயந்தவள் சருகுமான் மருக்கொழுந்து. சருகுமான் என்பது மான் குடும்பத்துக்கே கடைக்குட்டி. முயலைவிடக் கொஞ்சம் பெரிசு இருக்கும். கொம்பு கிடையாது. சருகுக்குள் படுத்துக்கிடந்தால் மிதித்தால்தான் தெரியும். மருக்கொழுந்து அப்போது நிறைமாதக்காரி. மடு போனால் அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஆற்றில்தான். மற்றவர்கள் எப்படியாவது ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அவளால் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அத்திமரம் வரைக்கும் நடந்து வருவதே பெரும்பாடு. தண்ணீர் இல்லாவிட்டால் அவளும் போய்விடுவாள், வயிற்றில் இருப்பதும் போய்விடும்.

மருக்கொழுந்துக்குக் கொஞ்சம் வாய் நீளம். சத்தமாகப் பேசமாட்டாள், முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டே குழுவிடம் போனாள். கொப்பாயி சிரிக்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள்.

பெரியதம்பி அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "அதைப் பத்தி நீ ஏம்மா கவலைப்படறே? நாளைக்கு யாரு முதல்ல பேசறதுன்னே இன்னும் முடிவாகலை. அந்தக் கஷ்டம் எங்களுக்கு" என்றார்.

"யாரு முதல்ல பேசினா என்னங்க, அந்தம்மா கடைசியில சாப்பிடப்போறது எங்களைத்தானே" என்று முணுமுணுத்தபடியே மருக்கொழுந்து திரும்பி வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் காடே மடுக்கரையில் கூடியது. மருக்கொழுந்து வெயில் தாழும் முன்பே வந்து பாறைக்கு நேர் எதிரில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டாள். கொப்பாயி வந்தாள். பாறைக்குப் பக்கத்தில் தண்ணீரை ஒட்டி இன்னொரு பாறை உண்டு. அதுதான் அவள் வழக்கமான இடம். அதில் ஏறி வாலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு படுத்தாள். வருஷமெல்லாம் குகையிலேயே கிடந்ததில் விலா எலும்பு தெரிந்தது. பசியோடுதான் வந்திருக்கிறாள் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது.

முதலில் தலைவர் பேசினார். செதிலாண்டி பிறந்த கதை, வளர்ந்த கதை, அவருக்கும் தனக்கும் இருந்த நட்பு, தன்னுடைய சொந்தக் கதை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நடு நடுவே, "இது சிரிக்கிற நேரமல்ல" என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்கு அவசியமே இருக்கவில்லை. கொப்பாயி கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியில் தெரிந்த பற்களைப் பார்த்ததும் தலைவர் பேச்சைச் சட்டென்று முடித்துக்கொண்டார்.

அடுத்து நரி நல்லமுத்து பாறையில் ஏறினான். அவனுக்கு நாக்கெல்லாம் கத்தி. ஆமை நடப்பதைச் சொன்னான். கரடியின் நாற்றத்தைச் சொன்னான். ஒற்றைக் கண் முயலைப் பார்த்து, "உனக்குப் பாதிச் சிறுத்தைதான் தெரியும், அதனால பாதி பயந்தா போதும்" என்றான். முயல் தலையைக் குனிந்துகொண்டது. ஒன்றிரண்டு நரிகள் ஊளையிட்டுச் சிரித்தன. கொப்பாயி சிரிக்கவில்லை.

"நொந்து கிடக்கறவன் மேல பாயறது என் தொழில், நல்லமுத்து. நான் அதைச் செய்யறப்ப யாரும் சிரிச்சு நான் பார்த்ததில்லை. நீ செஞ்சா மட்டும் எதுக்குச் சிரிக்கணும்?" என்று கேட்டாள்.

நல்லமுத்துவின் வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது. அவன் இறங்கிக்கொண்டான்.

குரங்கு கிளைச்சாமி ஏறினான். செதிலாண்டி மாதிரி கையைக் கட்டி நின்றான், செதிலாண்டி மாதிரி நடந்தான். யாரும் சிரிக்காததால் ஒரு குட்டிக்கரணம் போட்டான். அதற்கும் சிரிக்காததால் பத்துக் குட்டிக்கரணம் போட்டான். கடைசியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். கொப்பாயி வாலை ஒரு தரம் தரையில் அடித்தாள், அவ்வளவுதான்.

மைனா மங்களம் மீதுதான் எல்லோருக்கும் நம்பிக்கை. அவள் கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லக்கூடியவள். செதிலாண்டியின் வார்த்தை, இழுவை, நடுவில் விடுகிற மூச்சு, எல்லாம் அவளுக்கு அத்துபடி. பாறைமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். "அக்கா, தாராளமா சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு…"

கூட்டத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்துப்போனவரே வந்து நின்று பேசுகிற மாதிரி இருந்தது. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. கொப்பாயி காதை நிமிர்த்தினாள். அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அப்படியே கோணிக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நிறுத்து!" என்று உறுமினாள். "அவர் குரலை எடுத்து வெச்சுக்கிட்டு, அவர் இல்லைங்கறதை எனக்கு ஞாபகப்படுத்தறியா? அவர் சொன்னப்போ எனக்கு அடுத்த வார்த்தை என்னன்னு தெரியாது. அதனால சிரிச்சேன். இப்போ எல்லாம் தெரியுது. தெரிஞ்சதைக் கேட்டு அழத்தான் முடியும்."

மங்களம் பறந்து போய் மரத்தில் ஒளிந்துகொண்டாள். பாவம், அவள் நல்லதைத்தான் நினைத்தாள்.

கொப்பாயி எழுந்து நின்றாள். சோம்பல் முறித்தாள். "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். "அப்போ சரி. விடிஞ்சதிலிருந்து இது என் வேட்டைக்காடு. அவங்கவங்க வழியைப் பார்த்துக்குங்க."

விடியும் வரை அவகாசம் என்று அவள் சொல்லியும் ஒருவரும் நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். தலைவர்தான் முதல் ஆள். நினைவுக் குழு அவருக்குப் பின்னாலேயே ஓடியது. தூசி அடங்கியபோது பாறைக்கு எதிரே மருக்கொழுந்து மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஓட வேண்டும் என்று அவளும் எழுந்தாள்தான். வயிறு இடமே கொடுக்கவில்லை.

"நீ ஏன் போகலை?" என்று கேட்டாள் கொப்பாயி.

மருக்கொழுந்துக்கு நான்கு காலும் வெடவெடவென்று நடுங்கின. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். என்ன பொய் சொல்வது என்று தோன்றவில்லை. உள்ளே இருந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

"போகலாம்னுதான் பார்த்தேன் அக்கா. வயிறு ஒத்துக்க மாட்டேங்குது. நான் வான்னா அது இருன்னுது."

கொப்பாயி பாயவில்லை. ஆனால் போகவும் இல்லை. மருக்கொழுந்து தொடர்ந்தாள். நின்றால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எங்க கூட்டத்துல பிறந்ததும் சொல்லித்தர்ற முதல் பாடம் ஓடறதுதான். ரெண்டாம் பாடம்னு ஒண்ணு வெக்கலை. முதல் பாடத்துல கோட்டைவிட்டவங்க யாரும் மறுநாள் வகுப்புக்கு வர்றதில்லை பாருங்க."

ஓடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நின்றார்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது.

"உன் வீட்டுக்காரன் எங்கே?" என்று கேட்டாள் கொப்பாயி. குரலில் உறுமல் கொஞ்சம் குறைந்திருந்தது.

"உங்க பேரைக் கேட்டதும் போன மாசம் ஓட ஆரம்பிச்சார் அக்கா. இன்னும் நிக்கலைன்னு கேள்வி. தங்கமானவர். என்னையும் கூட்டிட்டு ஓடணும்னு நினைச்சிருப்பார். மலையைத் தாண்டின அப்புறம் ஞாபகம் வந்திருக்கும்."

இப்போது நாலாபுறமும் களுக் களுக்கென்று சத்தம் கேட்டது. ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து புதருக்குப் பின்னால் நின்றார்கள். பெரியதம்பி அங்கிருந்தே, "உஷ்! நினைவு நாள்! சிரிக்கக் கூடாது!" என்று அதட்டினார்.

மருக்கொழுந்து திரும்பினாள். ஒரு வருஷமாக முணுமுணுத்துச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் இப்போது சத்தமாகவே வந்தது.

"தலைவரே, சிரிக்க வெச்சவருக்கு அஞ்சலின்னு சிரிப்பையே நிறுத்தின ஒரே காடு நம்ம காடுதான். நல்ல வேளை, அவர் நமக்குக் கிணறு வெட்டித் தந்தவரா இல்லை. இருந்திருந்தா அஞ்சலியா அதுல மண்ணைப் போட்டு மூடியிருப்பீங்க."

ஒற்றைக் கண் முயல்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தது. அதைப் பார்த்து அதன் குட்டிகள் சிரித்தன. தலைவருக்கே மீசை மயிர் துடித்தது. அவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்புறம் நம்ம குழு. மூணு பேரும் சொல்றாங்க, சாகறப்போ என் தலையிலதான் கை வெச்சார்னு. அவருக்கு அவ்வளவு கை கிடையாதுங்க. உண்மையைச் சொல்லட்டுமா? அன்னிக்கு அத்திமரத்தடியில பழம் பொறுக்கிக்கிட்டிருந்தது நான்தான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்தது. இவ்வளவு பெரியவர், கடைசியா ஒரு வார்த்தை சொல்லப்போறார், அதைக் கேக்கற பாக்கியம் நமக்குக் கிடைச்சிருக்கேன்னு குனிஞ்சு காதைக் கொடுத்தேன்."

செதிலாண்டியின் கடைசி வார்த்தை! நல்லமுத்து எட்டிப் பார்த்தான். மங்களம் ஒரு கிளை கீழே இறங்கி உட்கார்ந்தாள். கொப்பாயி கழுத்தை முன்னால் நீட்டினாள்.

"'கொஞ்சம் நகர்ந்து நில்லும்மா, புற்றை மறைக்கறே'ன்னார்."

பெரியதம்பிதான் முதலில் உடைந்தார். அவர் சிரிப்பு மலையில் பாறை உருள்கிற மாதிரி வந்தது. முன்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிளைச்சாமி பிடித்திருந்த கிளையை விட்டுவிட்டான். நல்லமுத்து தரையில் புரண்டான். ஒரு வருஷமாகச் சிரிக்காத காடு. அடைத்து வைத்ததெல்லாம் மொத்தமாகத் திறந்துகொண்டது.

ஆனால் சிரிக்க வேண்டியவள் இன்னும் சிரிக்கவில்லை. கொப்பாயியின் மீசை ஆடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தாள். வாக்கு வாக்குதான், லேசில் விட்டுக்கொடுக்கமாட்டாள். மருக்கொழுந்துக்கு அது புரிந்தது. பக்கத்தில் இருப்பவர்களைச் சொல்லியாயிற்று, தன்னைச் சொல்லியாயிற்று. பாக்கி இருப்பது ஒருத்திதான். அவளைச் சொல்லி அவள் கோபித்துக்கொண்டால் விடியும் வரைகூடக் காத்திருக்கமாட்டாள்.

மருக்கொழுந்து துணிந்து கேட்டாள். "அக்கா, உங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லட்டுமா?"

எல்லோருடைய சிரிப்பும் தொண்டையிலேயே நின்றது.

"சொல்லு."

"கோபம் வந்தா?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அந்த அப்புறம்தான் அக்கா எனக்கு உதைக்குது. இருந்தாலும் சொல்றேன். உங்க உடம்பெல்லாம் புள்ளி. எதுக்கு? ஒளிஞ்சுக்க. பாதத்துல மெத்தை. எதுக்கு? சத்தம் வராம நடக்க. பொழுது சாயறப்போ மூச்சை அடக்கிக்கிட்டு, குகையிலிருந்து ஒரே ஒரு காலை எடுத்து வெளிய வைப்பீங்க. உடனே கிளைச்சாமி அண்ணன் மரத்து உச்சியிலிருந்து, வந்துட்டாங்க வந்துட்டாங்கன்னு கத்துவார். அதை மயில் வாங்கி அடுத்த மலைக்குச் சொல்லும். புள்ளிமான் எல்லாம் காலைத் தட்டித் தாளம் போடும். தேர்ல வர்ற சாமிக்குக்கூட இத்தனை மேளம் கிடையாது. காடே எழுந்து நின்னு உங்களை வரவேற்கும். நீங்க மட்டும் புதருக்குப் பின்னாடி, யாருக்கும் தெரியாதுன்னு நம்பிக்கிட்டு ஒரு முகத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க பாருங்க…"

அந்த முகத்தை மருக்கொழுந்து செய்து காட்டினாள். கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, சிறுத்தை மாதிரி பதுங்கப் பார்த்தாள். முன்னங்கால் பதுங்கியது. பின்னங்கால் பதுங்கியது. நடுவில் இருந்த வயிறு தரையில் முட்டிக்கொண்டு பதுங்கமாட்டேன் என்றது. நான்கு காலும் அந்தரத்தில் ஆட, அந்த வயிற்றின்மேல் அவள் முன்னும் பின்னும் ஊசலாடினாள். முகம் மட்டும் பயங்கரமான வேட்டைக்காரி முகமாகவே இருந்தது.

கொப்பாயியின் வாயிலிருந்து முதலில் ஒரு புஸ் சத்தம் வந்தது. அப்புறம் ஒரு கேவல். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! பாறைமேல் மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, "போதும்டி, போதும்" என்று கத்திக்கொண்டே சிரித்தாள். புரண்ட புரளலில் பாறை வழுக்கித் தொபுக்கடீரென்று மடுவில் விழுந்தாள்.

கரையில் இருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். நனைந்துபோய், புள்ளியெல்லாம் ஒட்டிக்கொண்டு, ஓர் ஈரப் பூனையாகக் கொப்பாயி கரையேறினாள். உடம்பை உதறினாள். எல்லோர்மேலும் தண்ணீர் தெறித்தது. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். "இத்தனை வருஷமா இந்த முகத்தோடயா பதுங்கினேன்?" என்று மறுபடியும் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

மடுக்கரையே ஆர்ப்பரித்தது. தடை போட்ட பெரியதம்பி தடையை எடுக்கக்கூட நேரமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து ஒற்றைக் கண் முயலிடம் போய் ஏதோ சொன்னான். முயல் முதலில் முறைத்தது, அப்புறம் சரி போ என்றது. மங்களத்துக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. இந்தத் தடவை அது சிரிப்பில் வந்த நீர்.

கொப்பாயி மூச்சு வாங்கியபடி எழுந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் இருக்கிற வரைக்கும் மடுக்கரையில வேட்டை கிடையாது."

"தினமும் சிரிக்க வெக்கணுமா அக்கா?" என்று ஒரு மான் பயந்துகொண்டே கேட்டது.

"முடிஞ்சா வைங்க. முடியலைன்னாலும் வேட்டை கிடையாது. இவளைப் பார்த்த அப்புறம் இனிமே இங்கே பதுங்கினா, எனக்கே சிரிப்பு வந்து காரியம் கெட்டுப்போயிடும்."

காடு போட்ட கூச்சல் மலைக்கு அந்தப்புறம் ஆற்றங்கரை வரை கேட்டதாம். ஒரு வருஷத் துக்கம் அந்த ஒரு சாயங்காலத்தில் கரைந்து போயிற்று. செதிலாண்டியின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் இருந்திருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் குழு குழுதானே! சிரிப்பு கொஞ்சம் அடங்கியதுமே கிளைச்சாமி ஒரு கேள்வியைக் கிளப்பினான். செதிலாண்டி பெரிய சிரிப்புக்காரரா, மருக்கொழுந்து பெரிய சிரிப்புக்காரியா? நல்லமுத்து ஒரு பக்கம் சேர்ந்தான், மங்களம் இன்னொரு பக்கம். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் பெரியதம்பி எல்லோரையும் அடக்கிவிட்டு, மருக்கொழுந்தே சொல்லட்டும் என்றார்.

அவள் எங்கே என்று பார்த்தால், அவள் ஏற்கெனவே தண்ணீரை நோக்கி மெல்ல அசைந்து போய்க்கொண்டிருந்தாள்.

"நீங்க ராத்திரி முழுக்க வேணும்னாலும் பேசிக்கிட்டிருங்க. எங்க ரெண்டு பேருக்கும் தாகம்" என்றாள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எருமை நகர்ந்தது, கரடி நகர்ந்தது. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கொப்பாயியும் எழுந்து ஒதுங்கி நின்று, "வா தங்கச்சி, முதல்ல நீ குடி" என்றாள். சிறுத்தையின் காலடியில் குனிந்து, நடுக்கமில்லாமல், நிறுத்தி நிதானமாக, வயிறு குளிர மருக்கொழுந்து தண்ணீர் குடித்தாள்.

பெரியவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வதால் அவர்கள் பெயர் நிலைக்காது, அவர்கள் துணிந்ததுபோல் நாமும் துணிந்து நம்முடைய வாயால் நம்முடைய உண்மையைச் சொன்னால்தான் நிலைக்கும்.